கணித மேதைக்குக் கைகொடுத்தோர்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்திற்கு அருகில், திருப்புட்குழி என்னும் சிற்றூர் உள்ளது. வைணவப் பெரியாராகிய இராமானுஜர் இளமையில் யாதவப் பிரகாசர் என்னும் ஆசிரியரிடம் வேதாந்தம் பயின்ற இடம் இவ்வூரே என்று வைணவ மரபு கூறும். ஆசிரியரோடு கருத்து மாறுபட்டு அவ்விளைஞர் தனித்து நின்ற காலத்தில், காஞ்சியில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் அவருக்கு அன்போடு வழிகாட்டினார் என்பதும் அம்மரபு உரைக்கும் செய்தியாகும். அப்பெரியாரின் பெயரையே தாங்கி, எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்திற்குப் பின் தமிழ்நாட்டில் ஒரு சிறுவன் தோன்றினான். அவனும் காஞ்சிபுரத்துப் பள்ளியில் சில காலம் பயின்றான். வாலிபப் பருவத்தில் அவனும் வழியறியாது தனித்து நின்றான். அவனுக்கும் பெருமனம் படைத்தோர் சிலர் வழிகாட்டினர். அவனே பின்னாளில் உலகம் போற்றும் கணித மேதையாய் விளங்கிய சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடி, அதனால் கிடைத்த சிறு வருவாயைக் குடும்பத்திற்கு உதவினார். சாரங்கபாணி கோயில் சந்நிதித் தெருவில் இருந்த அச்சிறிய வீட்டில் செல்வம் இல்லை. ஆயினும் கல்வியின்மேல் ஆர்வம் இருந்தது.

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று இராமானுஜன் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 கணித உண்மைகளை வரிசையாகக் கூறும் நூல் அது. அவற்றிற்குரிய விளக்கங்கள் அதில் மிகச் சுருக்கமாகவே இருந்தன. அச்சுருக்கமே மாணவருக்கு நன்மையாய் முடிந்தது. ஒவ்வோர் உண்மையையும் அவர் தாமே நிறுவிப் பார்த்தார். அம்முயற்சியில் நூலில் இல்லாத புதிய உண்மைகள் பலவும் அவர் கண்ணுக்குப் புலனாயின. காகிதம் விலை மிகுந்தது, ஆதலின் பலகையில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார். முடிவை மட்டும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைப்பார். இவ்வாறு வளர்ந்த குறிப்பேடுகளே பின்னர் அவருக்கு வழித்துணை ஆயின.

1904ஆம் ஆண்டில் இராமானுஜன் கணிதப் பரிசோடு பள்ளியை விட்டு நீங்கி, உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். ஆனால், கணிதத்தில் ஆழ்ந்த உள்ளம் பிற பாடங்களை நாடவில்லை. அவற்றில் தோல்வியுற்றார், உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து முயன்றார். எஃப்.ஏ. தேர்வில் அங்கும் தேர்ச்சி கிட்டவில்லை. மறுமுறை எழுதியும் பயனில்லை. கணிதத்தில் நிகரற்றவராயினும், அவரிடம் பட்டமோ சான்றிதழோ இல்லை. பட்டமில்லாதவருக்கு நல்ல பதவிகளின் கதவு அடைபட்டிருந்த காலம் அது.

1909ஆம் ஆண்டில் இராமானுஜனுக்கும் ஜானகி அம்மையாருக்கும் திருமணம் நடைபெற்றது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இராமானுஜன் நோயுற்று அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது. அதற்குக் கொடுக்கவும் குடும்பத்தில் பொருளில்லை. இரக்கமுள்ள மருத்துவர் ஒருவர் கட்டணமின்றியே அதனைச் செய்தார். இனிப் பெற்றோருக்குச் சுமையாய் இருத்தல் தகாது என்று இராமானுஜன் உணர்ந்தார். உடல் தேறியதும் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார்.

அக்காலத்தில் தென்னார்க்காட்டு மாவட்டத்துத் திருக்கோவலூரில் வி. இராமசாமி ஐயர் என்பார் டெபுடி கலெக்டராக இருந்தார். கணிதத்தில் பேரார்வம் கொண்ட அவர், 1907ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழகம் தோன்றக் காரணமாயிருந்தவர். நாட்டின் பல பகுதிகளிற் சிதறியிருந்த கணித ஆர்வலர்கள் ஒருவரையொருவர் அறியவும், நூல்களையும் இதழ்களையும் பகிர்ந்துகொள்ளவும் அக்கழகம் வழிசெய்தது. கழகத்தைத் தோற்றுவித்த காலத்தில், கும்பகோணத்து ஏழை இளைஞர் ஒருவருக்கு அது வாழ்வளிக்கும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

1910ஆம் ஆண்டில் இராமானுஜன் திருக்கோவலூருக்குச் சென்று இராமசாமி ஐயரைக் கண்டார். வட்ட அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை தந்தால் போதும் என்று வேண்டினார். தமக்குள்ள தகுதியைக் காட்ட வேறு சான்று இல்லாமையால் குறிப்பேட்டை அவர்முன் வைத்தார். அதனைப் புரட்டிப் பார்த்த ஐயர் வியப்புற்றார். அவர் நினைத்திருந்தால் அன்றே ஒரு சிறு வேலையைத் தந்திருக்கலாம். ஆனால், இத்தகைய அறிவினை வரிக் கணக்கு எழுதும் மேசையில் முடக்குதல் பெரும்பிழையாகும் என்று அவர் கருதினார். ஆதலால் வேலை தரவில்லை. அதனினும் சிறந்த ஒன்றைத் தந்தார். சென்னையில் வாழ்ந்த தம் கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதிக் கொடுத்து இராமானுஜனை அனுப்பி வைத்தார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் அப்பொழுது பி. வி. சேஷு ஐயர் கணிதப் பேராசிரியராய் இருந்தார். முன்னர்க் கும்பகோணம் கல்லூரியில் இராமானுஜனுக்குக் கற்பித்தவர் அவர். பழைய மாணவரின் நிலையை அறிந்து வருந்திய அவர், தமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் செல்லுமாறு கூறினார். அப்பெரியவர், நெல்லூர் மாவட்டக் கலெக்டராகவும் கணிதக் கழகத்தின் செயலாளராகவும் விளங்கிய ஆர். இராமச்சந்திர ராவ் ஆவார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் இராமானுஜன் இராமச்சந்திர ராவைச் சந்தித்தார். தடித்த குறுகிய உருவம், மழிக்காத முகம், கையிடுக்கில் நைந்துபோன ஒரு குறிப்பேடு. இவற்றிடையே ஒளி வீசிய இரு கண்கள். அவ்விளைஞரைக் கண்ட ராவுக்கு முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை. குறிப்பேட்டில் இருந்தவை அவர் கற்ற கணிதத்திற்கு அப்பாற்பட்டவையாய் இருந்தன. இவை மெய்யான கண்டுபிடிப்புகளோ, பிறரை மயக்கும் வெற்றெழுத்துகளோ என்று அவர் ஐயுற்றார். ஒருமுறை கண்டதோடு முடிவு செய்யாமல், மீண்டும் வருமாறு பணித்தார். இராமானுஜன் அந்த ஐயத்தைக் கண்டு சினம் கொள்ளவில்லை. மனம் சோர்ந்து விலகவும் இல்லை. மறுபடியும் சென்றார். கேட்பவர் அறிந்த எளிய கணிதத்திலிருந்து தொடங்கி, படிப்படியாகத் தம் அரிய கண்டுபிடிப்புகளை நோக்கி அவரை அழைத்துச் சென்றார். இறுதியில் ராவின் ஐயம் நீங்கியது. வேண்டுவது யாது என்று அவர் வினவியபொழுது, உணவுக் கவலையின்றி ஆராய்ச்சியைத் தொடர ஒரு சிறுதொகை போதும் என்று இராமானுஜன் விடையிறுத்தார். திங்கள்தோறும் 25 ரூபாய் தம் பொருளிலிருந்து அளிக்க ராவ் முன்வந்தார்.

கவலை சிறிது நீங்கிய இராமானுஜன், 1911ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் எழுதத் தொடங்கினார். வாசகர்கள் விடுவிக்குமாறு அவர் வெளியிட்ட கணக்கு ஒன்று பெயர் பெற்றது. ஒன்றனுள் ஒன்றாக வர்க்கமூலங்கள் முடிவின்றி அடுக்கப்பட்ட ஒரு கோவையின் மதிப்பைக் காண்பதே அது. பல திங்கள் சென்றும் எவரும் விடை அனுப்பாமையால், அவரே விடையளித்தார். அவ்விடை 3 என்னும் சிறிய எண்ணே. அதன் சூழ்ச்சியை மாணவரும் உணரலாம். 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9ஐ, 1உடன் 2×4ஐக் கூட்டியதாக எழுதலாம். அங்குள்ள 4, 16இன் வர்க்கமூலம். 16ஐ, 1உடன் 3×5ஐக் கூட்டியதாக எழுதலாம். அங்குள்ள 5, 25இன் வர்க்கமூலம். 25ஐ, 1உடன் 4×6ஐக் கூட்டியதாக எழுதலாம். இவ்வாறே மேலும் மேலும் செல்ல, முடிவில்லாக் கோவை உருவாகின்றது. அவ்வாண்டிலேயே பெர்னூலி எண்களின் இயல்புகளைப் பற்றிய அவரது முதற்கட்டுரையும் அவ்விதழில் வெளிவந்தது. இராமானுஜன் எழுதும் முறை பிறர்க்கு எளிதில் விளங்காதது. ஆதலின், இதழாசிரியராகிய நாராயண ஐயங்கார் கட்டுரையைத் திரும்பத் திரும்பத் திருத்தச் செய்து, பொறுமையோடு வெளியிட்டார்.

பிறர் பொருளில் நெடுநாள் வாழ இராமானுஜன் விரும்பவில்லை. 1912ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கணக்காயர் அலுவலகத்தில் 20 ரூபாய் ஊதியத்தில் சில வாரங்கள் தற்காலிகமாகப் பணியாற்றினார். பின்னர்ச் சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஓர் எழுத்தர் பதவிக்கு விண்ணப்பம் அனுப்பினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியராகிய மிடில்மாஸ்ட் என்னும் ஆங்கிலேயர் அவருக்குப் பரிந்துரை எழுதிக் கொடுத்தார். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் இராமானுஜன் 30 ரூபாய் ஊதியத்தில் அப்பணியை ஏற்றார்.

சிறிய பதவிதான், ஆயினும் வாய்த்த இடம் நல்லிடம். அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். கணிதக் கழகத்தின் உறுப்பினர். பகலில் மேலலுவலராக இருந்த அவர், இரவில் இராமானுஜனுக்குத் தோழரானார். இருவரும் பலகைகளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கணக்கிடுவர். இராமானுஜன் பத்துப் படிகளை இரண்டு படிகளிற் கடந்துவிடுவார். தமக்கே விளங்காதது மற்றவர்க்கு எங்ஙனம் விளங்கும் என்று கூறி, விடுபட்ட படிகளை எழுதுமாறு நாராயண ஐயர் வற்புறுத்துவார். தம் அறிவைப் பிறர் அறியும்படி உரைத்தலும் ஒரு கடமை என்பதை இராமானுஜன் இந்நட்பினாற் கற்றார். கழகத்தின் தலைவராகிய சர் பிரான்சிசு ஸ்பிரிங்கிடம் தம் எழுத்தரின் பெருமையை எடுத்துரைத்தவரும் நாராயண ஐயரே.

இராமானுஜனின் ஆராய்ச்சியை மதிப்பிடத்தக்கவர் சென்னையில் எவரும் இல்லை. எனவே, பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித்து, இலண்டனில் இருந்த தம் ஆசிரியராகிய ஹில் என்பாருக்கு 1912ஆம் ஆண்டு நவம்பரிற் கடிதம் எழுதினார். ஹில் சில குறைகளைச் சுட்டிக்காட்டி, கற்க வேண்டிய நூலையும் குறிப்பிட்டார். ஆயினும் அவர் நேரே பொறுப்பேற்கவில்லை. பின்னர் இராமானுஜன் கேம்பிரிட்சுப் பேராசிரியர்களாகிய பேக்கர், ஹாப்சன் என்னும் இருவர்க்கு எழுதினார். இரு முயற்சிகளும் பயனளிக்கவில்லை. எனினும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்சு டிரினிடிக் கல்லூரியைச் சார்ந்த ஜி. எச். ஹார்டிக்கு மூன்றாவது கடிதத்தை எழுதினார்.

அக்கடிதத்தில் இராமானுஜன் தம் நிலையை மறைக்கவில்லை. தாம் துறைமுக அலுவலகத்தில் குறைந்த ஊதியம் பெறும் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வியை முடிக்காதவர் என்பதையும் தொடக்கத்திலேயே கூறினார். பின்னர்த் தாம் கண்ட கணித உண்மைகளை நூற்றுக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் வரைந்தார். ஹார்டியும் முதலில் ஐயுற்றார். அன்று மாலை தம் நண்பர் லிட்டில்வுட்டோடு அமர்ந்து அவற்றை ஆராய்ந்தார். அவற்றுட் சில முன்னரே அறியப்பட்டவை. சில எவரும் காணாதவை. ஒருவன் இவற்றைப் பொய்யாகப் புனைந்திருத்தல் இயலாது என்ற முடிவுக்கு இருவரும் வந்தனர். பிப்ரவரி 8ஆம் நாள் ஹார்டி விடை எழுதினார்.

கேம்பிரிட்சிலிருந்து வந்த அக்கடிதம் சென்னையில் பல கதவுகளைத் திறந்தது. வானிலை ஆய்வுத் துறைத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் என்னும் கணித அறிஞர் துறைமுக அலுவலகத்திற்கு வந்தபொழுது, ஸ்பிரிங் இராமானுஜனின் ஆராய்ச்சியை அவருக்குக் காட்டினார். இவ்விளைஞருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தல் வேண்டும் என்று வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். பட்டமில்லாதவர்க்கு அத்தகைய உதவி வழங்கும் வழக்கமில்லை. எனினும் பல்கலைக்கழகம் விதிக்கு விலக்களித்து, 1913ஆம் ஆண்டு மே மாதம் முதல் திங்களுக்கு 75 ரூபாய் வழங்கியது. எஃப்.ஏ. தேர்விலே தவறிய மாணவர், அதே பல்கலைக்கழகத்தின் முதல் ஆராய்ச்சி மாணவராய் உயர்ந்தார்.

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்சிலிருந்து நெவில் என்னும் இளம் அறிஞர் விரிவுரை ஆற்றச் சென்னைக்கு வந்தார். இராமானுஜனை இங்கிலாந்துக்கு வரச் செய்யுமாறு ஹார்டி அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடல் கடத்தல் ஆசாரத்திற்கு மாறானது என்று எண்ணிய குடும்பத்தார் முன்னர் உடன்படவில்லை. பின்னர்த் தாயார் இசைந்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. அத்தொகையிலிருந்து திங்கள்தோறும் 60 ரூபாய் பெற்றோரிடம் சேர்க்கப்பட வேண்டும் என்பதே இராமானுஜன் செய்த ஏற்பாடு. 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் அவர் கப்பலேறினார்.

கேம்பிரிட்சில் ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து செய்த ஆராய்ச்சிகள் கணித வரலாற்றில் நிலைபெற்றன. ஓர் எண்ணை எத்தனை வகையாகப் பிரித்துக் கூட்டலாம் என்பது அவற்றுள் ஒன்று. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாக எழுதலாம். 100 என்னும் எண்ணுக்கோ அவ்வகைகள் 19,05,69,292 ஆகும். இவ்வெண்ணிக்கையைக் கணிக்க அவர்கள் ஒரு சூத்திரம் கண்டனர். 1918ஆம் ஆண்டில் இராமானுஜன் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினராகவும், டிரினிடிக் கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்கல்லூரியில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

ஆயினும் போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாடும், குளிரும், தனிமையும் அவர் உடலை வாட்டின. அவர் நோயாளிகள் இல்லத்திலிருந்த காலத்தில், தாயகம் திரும்பியதும் ஆண்டுக்கு 250 பவுன் அளிப்பதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அதற்கு இராமானுஜன் 1919ஆம் ஆண்டு சனவரியில் எழுதிய விடை நினைவிற் கொள்ளத்தக்கது. அத்தொகை தம் தேவைக்கு மிகுதியானது என்றும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்து, தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சியதனை ஏழைச் சிறுவர்க்கும் தாய்தந்தையற்றோர்க்கும் கல்விக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வழங்கவும் பயன்படுத்துதல் வேண்டும் என்றும் அவர் எழுதினார். கட்டணமின்றி மருத்துவமும், கேளாமலே கடிதங்களும் பெற்ற அந்நாளைய இளைஞரை அவர் மறக்கவில்லை.

1919ஆம் ஆண்டில் இந்தியா திரும்பிய இராமானுஜன், நோயிடையிலும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் முப்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். அவர்தம் குறிப்பேடுகள் 1957ஆம் ஆண்டில் அவர் எழுதிய வண்ணமே அச்சிடப்பட்டன. இறுதி நாட்களில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்சு நூலகம் ஒன்றில் மறைந்து கிடந்து, 1976ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டன. அவர் பிறந்த நாளை இந்திய நாடு தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகின்றது.

இராமானுஜன் வரலாறு ஒருவருடைய அறிவின் வரலாறு மட்டுமன்று. திருக்கோவலூரிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து கேம்பிரிட்சுக்கும் கைமாறிச் சென்ற நல்லெண்ணத்தின் வரலாறும் ஆகும். அவருக்கு உதவியோருட் பலர் அவருடைய கணிதத்தை முழுதும் உணர்ந்தவரல்லர். ஆயினும் ஒருவர் கடிதம் எழுதினார், ஒருவர் பொருளளித்தார், ஒருவர் இரவில் உடனிருந்து பலகையில் எழுதினார். தம்மால் இயன்றதை ஒவ்வொருவரும் செய்து, தம்மினும் அறிந்தவரிடம் அவரை ஒப்புவித்தனர். இராமானுஜனும் எவர் வாயிலை அடைந்தபொழுதும் வெறுங்கையோடு சென்றாரல்லர். தம் உழைப்பின் பயனை ஏந்திச் சென்றார். தம் குறையை மறைக்காமல் உரைத்தார்; ஐயுற்றோரிடம் பொறுமை காட்டினார்; தேவைக்கு மேல் வேண்டவில்லை; பெற்ற உதவியை மறக்கவும் இல்லை. வாழ்க்கைத் தொழிலை நாடிப் புறப்படும் இளைஞர் அனைவரும் கைக்கொள்ளத்தக்க நெறி இதுவே.